அறிஞரவை கூட்டிய அடிகளார்

அவையேறிப் பேசினார் பெயரை உலகம் நெடுங்காலம் நினைவிற் கொள்கின்றது. அவையைக் கூட்டினார் பெயரையோ விரைவில் மறந்துவிடுகின்றது. அறிஞர் மாநாடு என்பது தானே கூடுவதன்று. அழைப்பு விடுத்தல், வந்த கட்டுரைகளை ஆய்ந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளல், வருவார்க்கு உண்டியும் உறையுளும் அமைத்தல், பொருள் தேடல், முடிந்தபின் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கல் எனப் பலதிறப்பட்ட பணிகள் அதன் பின்னே நிற்பன. இப்பணிகளையே தவமாகக் கொண்டு, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழறிஞரை ஓரவையில் அமர்த்திய பெரியார் ஒருவர் நம்மிடையே வாழ்ந்து மறைந்தார். அவர் சேவியர் தனிநாயக அடிகளார். அவர்தம் வாழ்க்கையைச் சுருக்கிக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணவர் சிலர் மாமல்லபுரம் சென்றிருந்தோம். கடற்கோயிலின் அருகே நின்று கீழ்த்திசையை நோக்கினோம். கண்ணுக்கெட்டிய அளவும் திரையன்றி வேறொன்றும் தோன்றவில்லை. ஆயினும் பல்லவர் காலத்தில் அத்துறை கலங்கள் வந்து தங்கும் பட்டினமாக விளங்கிற்று என்பதும், அக்கடலுக்கு அப்பால் சயாம் நாட்டுத் தக்குவாபா என்னும் ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று காணப்பட்டது என்பதும் எம் நினைவிற்கு வந்தன. கலமேறிய வணிகர் பொருள் தேடி மீண்டனர். ஆயிரம் ஆண்டிற்குப் பின்னர் அக்கடலைக் கடந்து சென்ற அடிகளாரோ அறிஞரைத் தேடிக் கூட்டினார்.

அன்று மாலை செங்கற்பட்டு வந்து புகைவண்டி ஏறினோம். வண்டி தாம்பரம் நோக்கிச் செல்லும் வழியில் காட்டாங்கொளத்தூர் நிலையம் வந்தது. உடனிருந்த கணிதப் பிரிவு நண்பரொருவர் அவ்வூரைச் சுட்டி ஒரு செய்தி சொன்னார். அவ்வூரை இருப்பிடமாகக் கொண்ட எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 2010-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பரிணாமக் கணிமை பற்றிய பன்னாட்டு மாநாடொன்று நடைபெற்றதாம். பரிணாமக் கணிமையாவது யாது? ஒரு சிக்கலுக்கு ஒரே விடையைத் தேடி அலையாமல், பல விடைகளை முதற்கண் உண்டாக்கி, அவற்றை ஓர் அளவுகோலால் சோதித்து, நல்லன நிறுத்தி, அவற்றைத் தம்முட் கலந்தும் சிறிது மாற்றியும் புதிய தலைமுறை விடைகளைப் பிறப்பித்து, இவ்வாறே பன்முறை செய்து சிறந்த விடையை அடைதலாகும். உயிர்கள் வழிவழியாக மாறி வளர்ந்தமை போல விடைகளும் வளர்கின்றன என்பது கருத்து.

அத்துறையின் வரலாறு எம் உள்ளத்தை ஈர்த்தது. 1960-களில் அமெரிக்க நாட்டு மிச்சிகனில் ஜான் ஹாலந்து என்பவரும், கலிபோர்னியாவில் லாரன்ஸ் போகெல் என்பவரும், செருமனியின் பெர்லின் நகரில் ரெக்கன்பெர்க், சுவெபெல் என்பாரும் ஏறக்குறைய ஒரே கருத்தை வெவ்வேறு பெயரால் தனித்தனியே ஆராய்ந்தனர். நெடுங்காலம் ஒருவர் பணியோடு ஒருவர் பணி நன்கு கலக்கவில்லை. 1985-இல் பிட்சுபர்க்கிலும் 1990-இல் தார்ட்முண்டிலும் கூடிய மாநாடுகளுக்குப் பின்னரே அவ்வோடைகள் ஒன்றாகி, பரிணாமக் கணிமை என்னும் பொதுப்பெயரும் நிலைபெற்றது. மாநாடு கூடும்வரை அங்கு அறிஞர் இருந்தனர், துறை இல்லை. கூடிய பின்னரே துறை பிறந்தது. இச்செய்தியைக் கேட்டபோது, தமிழாராய்ச்சிக்கும் இந்நிலையே இருந்தது என்பதும், அதனை மாற்றியவர் தனிநாயக அடிகளார் என்பதும் எமக்கு விளங்கின.

அடிகளார் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள், ஈழத்து யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர். பின்னாளில் அவர் தம் குலமுதல்வரின் பெயராகிய தனிநாயகம் என்பதனைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். ஊர்காவற்றுறைப் பள்ளியிலும் யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்று, குருத்துவக் கல்விக்காகக் கொழும்பு சென்றார். 1934-இல் உரோமை நகரம் அடைந்து, ஆங்குள்ள ஊர்பன் பல்கலைக்கழகத்தில் இறைநூல் கற்றார். 1938-இல் குருப்பட்டம் பெற்றார். பண்டைக் கார்த்தேசு நகரத் திருச்சபையின் குருமாரைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சியே அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, இசுப்பானியம், போர்த்துக்கேயம் முதலிய மொழிகள் அவருக்குக் கைவந்தன.

மேலைமொழிகள் பல கற்ற அவ்விளைஞர்க்குத் தாய்மொழியின் பழைய இலக்கியம் அதுகாறும் அயலதாகவே இருந்தது. இக்குறையை உணர்ந்தபோது அவர் வாளா இருந்திலர். ஈழத்திற்கு மீளாது பாண்டிநாட்டுத் தூத்துக்குடி மறைமாவட்டத்தைத் தம் பணிக்களமாகக் கொண்டார். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துப் பள்ளியில் 1940 முதல் 1945 வரை ஆசிரியப் பணி புரிந்தார். ஆங்குப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் நூல்களைக் கற்றார். உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற குருவானவர், நாட்டுப்புறத்துப் பள்ளியில் ஒரு பண்டிதரிடம் பாடங் கேட்ட காட்சியை எண்ணுந்தோறும் எம்போன்ற மாணவர் உள்ளம் நாணுகின்றது. ஈராண்டு படித்தவுடன் எல்லாம் அறிந்துவிட்டோம் என்று எண்ணும் இயல்பினேம் அல்லமோ?

1945-இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புக்கார். தமிழில் முதுகலைப் பட்டமும் அதன்மேல் இலக்கிய ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். சங்கச் செய்யுட்களில் இயற்கை பெற்ற இடத்தைக் கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளின் பண்டைப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். குறிஞ்சியும் முல்லையும் தமிழர்க்கே உரியன. ஆயினும் அவற்றின் சிறப்புப் பிறமொழிப் பாட்டோடு வைத்து நோக்கும்போதே நன்கு புலப்படும் என்பது அவர் ஆராய்ச்சி காட்டிய நெறி. தன் வீட்டு விளக்கைத் தன் வீட்டிலேயே வைத்துப் புகழ்தல் எளிது. நடுத்தெருவில் பிற விளக்குகளோடு வைத்து அளத்தல் அரிது. அவ்வரிய செயலையே அவர் வாழ்நாள் முழுதும் செய்தார்.

1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் தொடங்கிக் கீழை நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று தமிழைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். சென்றவிடமெல்லாம் அவர் கண்டது ஒன்று: கற்றாரும் தமிழென்னும் மொழி ஒன்று உண்டென அறியாதிருந்தனர், அறிந்தாருள்ளும் அதன் பழமையை அறிந்தார் மிகச் சிலர். தமிழர் தமக்குள்ளே தமிழிற் பேசிப் புகழ்ந்துகொண்டிருத்தலால் இக்குறை தீராது என்று அவர் தெளிந்தார். ஆகவே 1952-இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய காலாண்டிதழ் ஒன்றை ஆங்கிலத்தில் தொடங்கி, பல்லாண்டுகள் அதன் ஆசிரியராக விளங்கினார். வெளிநாட்டு அறிஞரும் அதன்கண் கட்டுரைகள் வரைந்தனர். மாநாடு கூடுவதற்குப் பதினான்கு ஆண்டு முன்னரே, எழுத்தால் ஆகிய ஓர் அவையை அவர் அமைத்துவிட்டார் எனலாம்.

அவ்வாண்டிலேயே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். இடையே இலண்டன் சென்று, பண்டைத் தமிழ் இலக்கியத்திற் காணப்படும் கல்விக் கருத்துக்களை ஆராய்ந்து மற்றொரு முனைவர் பட்டம் பெற்றார். ஐரோப்பிய நூல்நிலையங்களில் உறங்கிக் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களையும் கையேடுகளையும் தேடிக் கண்டு உலகிற்கு அறிவித்தார். 1554-இல் லிசுபனில் உரோம எழுத்துக்களால் அச்சிடப்பெற்ற தமிழ் மறைநூலை அறிஞர் கருத்திற்குக் கொணர்ந்தவர் அவரே. அந்தாம் தெ புரோயென்சா என்னும் சேசுசபைக் குரு தொகுத்து 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் படியை வத்திக்கான் நூல்நிலையத்தினின்று பெற்று, அதனை அவ்வாறே படியெடுத்து 1966-இல் வெளியிட்டார்.

1961-இல் மலாயாப் பல்கலைக்கழகம் அவரை இந்தியவியல் துறைக்குப் பேராசிரியராக அழைத்தது. ஆங்கு அவர் பணியாற்றிய எட்டாண்டுகளே அவர்தம் வாழ்வின் கொழுவிய காலம். அந்நாளில் தமிழாராய்ச்சியின் நிலை எவ்வாறிருந்தது? பாரிசில் ழான் பிலியோசா, ஆக்சுபோர்டில் தாமசு பரோ, அமெரிக்கப் பெர்க்கிலியில் எமனோ, ஒல்லாந்து லெய்டனில் கைப்பர், பிராக் நகரில் கமில் சுவெலபில் என ஆங்காங்கே விளக்குகள் எரிந்தன. பரோவும் எமனோவும் பெருங்கடலால் பிரிந்திருந்தும் சேர்ந்து உழைத்துத் திராவிடச் சொற்பிறப்பகராதியை 1961-இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டுப் புலவரோ இவ்வறிஞர் எழுதியவற்றைப் படித்திலர். இவ்வறிஞருட் பலர் தமிழ்நாட்டுப் புலவர் எழுதியவற்றைப் படித்திலர். கீழைக்கலை ஆராய்வார் 1873-இல் பாரிசில் தொடங்கிய உலகப் பேரவை சில ஆண்டுகட்கு ஒருமுறை கூடிவந்தது. எனினும் அதன்கண் வடமொழிக்கும் பிறவற்றிற்கும் கிடைத்த இடம் தமிழுக்குக் கிடைக்கவில்லை.

அப்பேரவையின் 26-ஆவது கூட்டம் 1964-ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் கூடுவதாயிற்று. அடிகளார் இதனை நல்வாய்ப்பாகக் கண்டார். தமிழறிஞரை அழைத்து வருதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஆனால் அவருட் பலர் தில்லிக்குத் தாமே வருகின்றனர்! ஆதலின் அங்கேயே அவர்களை ஒரு மணிநேரம் தனியே கூட்டினால் போதும். அவரும் பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியமும் முன்னரே மடல்கள் விடுத்து அறிஞரின் இசைவு பெற்றனர். சனவரி 7-ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றிற்று. பிலியோசா தலைவரானார், பரோ, எமனோ, கைப்பர் முதலியோர் துணைத்தலைவராயினர், சுவெலபிலும் அடிகளாரும் செயலாளர் பொறுப்பேற்றனர்.

இவ்வமைப்பினை உற்று நோக்குக. தமிழுக்காகத் தோன்றிய மன்றத்தின் தலைமை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அளிக்கப்பட்டது. அடிகளார் விரும்பியிருப்பின் தாமே முன்னிடம் பெற்றிருக்கலாம். ஆனால் தமிழின் பெருமையைத் தமிழரே சொன்னால் உலகம் அதனைத் தாயின் புகழ்ச்சி என்று தள்ளிவிடும். நொதுமலர் ஆராய்ந்து சொன்னால் ஏற்கும். தம் மொழியைப் பிறர் அளவுகோலுக்கு உட்படுத்த அஞ்சாத உள்ளமே அவர்தம் திட்டத்தின் உயிர். மேலே நாம் கண்ட கணிமையிலும் விடைகளைப் பிறப்பிப்பது ஒன்று, அளவுகோல் வேறொன்று. அளவுகோல் நடுநிலை தவறுமாயின் எத்தனை தலைமுறை கடந்தாலும் நல்விடை தோன்றாது. மாநாட்டிற்கும் இஃது ஒக்கும்.

முதல் மாநாடு கோலாலம்பூரில் 1966-ஆம் ஆண்டு ஏப்பிரல் 16 முதல் 23 வரை நடைபெற்றது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். தமிழர் சிறுபான்மையராக வாழும் ஒரு நாட்டில், இசுலாமியராகிய பிரதமர் முன்னிலையில், கிறித்தவக் குரு ஒருவர் ஏற்பாடு செய்த அவையில், பல சமயத்தாரும் பல நாட்டாரும் அமர்ந்து தமிழை ஆராய்ந்தனர். அடிகளார் அழைத்தோர் இலக்கியப் புலவர் மட்டுமல்லர். மொழிநூலார், வரலாற்றார், தொல்பொருள் ஆய்வார், மாந்தரினம் ஆராய்வார், கலைவல்லார் யாவரும் வந்தனர். வெவ்வேறு துறையினர் ஒருவரை ஒருவர் வினவித் திருத்திக்கொள்ளும்போதே புதிய உண்மை பிறக்கும் என்பதனை அவர் அறிந்திருந்தார். வருவார் வெறுங்கையோடு வாதிடலாகாது என்று கருதித் தமிழாராய்ச்சிக்குரிய நூல்களின் வழிகாட்டி ஒன்றையும் அவ்வாண்டிலேயே தொகுத்து வெளியிட்டார். மாநாடு கலைந்த பின்னர்க் கட்டுரைகளைத் தொகுத்து அச்சேற்றும் பணியும் தொடர்ந்தது. கைதட்டல் அன்றோடு அடங்கும். அச்சேறிய கட்டுரையே நிற்கும்.

இரண்டாம் மாநாடு 1968 சனவரியில் சென்னையில் கூடிற்று. குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் தொடங்கி வைக்க, முதலமைச்சர் அண்ணாதுரை அவர்கள் ஆட்சியில் அது பெருவிழாவாகப் பொலிந்தது. ஊர்வலம் கண்டு களித்தோர் எண்ணிறந்தோர். கடற்கரைச் சாலையில் வள்ளுவர், ஔவையார், கம்பர் முதலியோர்க்கும், வீரமாமுனிவர், கால்டுவெல், போப்பையர் ஆகிய மேனாட்டுத் தொண்டர்க்கும் சிலைகள் எழுந்தன. அவ்விழா தமிழ் மக்கள் உள்ளத்தைத் தட்டி எழுப்பியதில் ஐயமில்லை. ஆயினும் ஆராய்ச்சியரங்கும் மக்கள் விழாவும் ஒருங்கு நிகழுமிடத்து, முரசொலியில் ஆராய்வார் குரல் அடங்கிவிடுதலும் உண்டு. இவ்விரண்டினையும் எவ்வளவில் இணைப்பது என்னும் வினா அன்றிலிருந்து இன்றுகாறும் தமிழ் மாநாடு கூட்டுவார் யாவர் முன்னும் நிற்கின்றது. 1970-இல் பாரிசில் நிகழ்ந்த மூன்றாம் மாநாடு அறிஞரளவில் அமைதியாக நடந்தேறிற்று. சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோன்றியதும் அவ்வாண்டிலேயாம்.

நான்காம் மாநாடு அடிகளார் பிறந்த ஈழத்திற்கு வந்தது. எங்குக் கூட்டுவது என்னும் வினா எழுந்தது. கொழும்பில் கூட்டுக என்பது அரசின் விருப்பம். தமிழர் தலைநிலமாகிய யாழ்ப்பாணத்தில் கூட்டுக என்பது ஏற்பாட்டாளருட் பெரும்பாலோர் துணிபு. இடம் பற்றிய இவ்வேறுபாட்டால் ஏற்பாட்டுக் குழுவே பிளவுற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வெளிநாட்டு அறிஞர் சிலர்க்கு நுழைவிசைவு மறுக்கப்பட்டது. இத்தனை இடர்ப்பாட்டினிடையே 1974 சனவரி 3-ஆம் நாள் மாநாடு தொடங்கி இனிதே நடந்தது. ஊர்மக்கள் தெருவெல்லாம் அணிசெய்து விருந்தினரை வரவேற்றனர்.

சனவரி 10-ஆம் நாள் மாலை, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே பொதுமக்கள் திரளாகக் கூடியிருந்தனர். காவலர் கூட்டத்தினுட் புகுந்து கண்ணீர்ப் புகை வீசினர், துப்பாக்கி வெடித்தது, மின்கம்பி அறுந்து மக்கள்மேல் வீழ்ந்தது. அன்றிரவு ஒன்பதின்மர்க்குக் குறையாதோர் உயிர் துறந்தனர். அவர்கள் ஆராய்ச்சியாளர் அல்லர். தம் மொழி கற்றாரைக் காணவும் கேட்கவும் வந்த எளிய மக்கள். நூலும் ஏடும் ஆராயக் கூட்டிய அவையின் முடிவில் குருதி சிந்தியதை எண்ணி அடிகளார் உள்ளம் எவ்வளவு நொந்திருக்கும் என்பதனை நாம் சொல்லால் அளத்தற்கியலாது. பத்தாண்டு முன்னர்த் தில்லியில் ஒரு சிற்றறையில் தொடங்கிய முயற்சி, மக்கள் உயிரோடு இத்துணை நெருங்கிப் பிணையும் என்று அன்று யார் கண்டார்!

அடிகளார் முதுமைக் காலத்தை ஈழத்திற் கழித்து, 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தம் 67-ஆம் அகவையில் இறைவனடி சேர்ந்தார். நான்கு திங்கள் கழித்து, 1981 சனவரியில், ஐந்தாம் மாநாடு மதுரை மாநகரில் கூடிற்று. சங்கம் வளர்த்த அந்நகரில் அவருக்குச் சிலை எழுந்தது. அவரே தொடங்கிய அவையில் அவர் இல்லாது கூடிய முதல் அவை அதுவாகும். ஆயினும் அவை கூடிற்று என்பதே அவர்தம் வெற்றி. தாம் இன்றியும் நடக்குமாறு ஒன்றனை அமைத்துச் செல்வதன்றோ அமைப்பாளரின் நிறைந்த திறன்?

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரியிலும் தமிழ்ப் பிரிவார் ஒருபாலும், கணிதமும் அறிவியலும் பயில்வார் ஒருபாலுமாகப் பிரிந்து வாழ்கின்றோம். புகைவண்டியில் கணித நண்பர் ஒருவர் அரைமணி நேரம் பேசியதால், அடிகளார் செய்த பணியின் உட்பொருள் எமக்கு விளங்கிற்று. அவர் பேசாதிருந்தால் இக்கட்டுரை பிறந்திராது. ஆகலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாப் பிரிவு மாணவரும் ஓரவையிற் கூடி, தத்தம் கருத்துக்களைப் பிறர் சோதனைக்கு அஞ்சாது வைத்து, தவறு கண்டவிடத்துத் திருத்திக்கொள்வோமாக. அழைப்பு மடல் எழுதவும் நாற்காலி இடவும் முன்வருவார் சிலர் போதும். அவ்வெளிய பணியை இழிவென்று எண்ணற்க. கரம்பொன்னிற் பிறந்து உரோமையிற் கற்ற பெரியார் அதனைத்தான் செய்தார்.

வாழ்க அடிகளார் புகழ்! வளர்க அவர் கூட்டிய அவை!